உள்பக்கத் தாழ்ப்பாள்

பாவாயி மூன்று வருஷமாக ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தாள். பிடிபட்ட அன்றைக்குக்கூட அவளுக்கு வெட்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இன்னும் கொஞ்ச காலம் ஓட்டியிருக்கலாமே என்கிற எரிச்சல்.

பிடித்துக் கொடுத்தவள் மருமகள் கவிதா. பிடித்துக் கொடுக்க வேண்டுமென்று அவள் நினைக்கவில்லை, பாவம். முள்ளுக்குறிச்சியிலிருந்து மலையேறி வாழ வந்த பெண். ஆலத்தூர் நாட்டு மலையூர்களில் வீடு வீடாகப் போய் சர்க்கரையும் பிரஷரும் பார்த்து மாத்திரை கொடுக்கிற வேலை அவளுக்கு. மாமியாருக்கு ஐம்பது தாண்டிவிட்டது, இன்னும் மாதம் தவறாமல் ஒதுக்குக் குடிசைக்குப் போகிறாள், இந்த வயதில் உதிரம் போவது நல்லதில்லையே என்று பயந்துபோய், மிளகு பறிப்பு மும்முரத்தில் செம்மேட்டு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். போகமாட்டேன் என்று பாவாயி செய்யாத சண்டித்தனம் இல்லை. அதைப் பார்த்துக் கவிதாவுக்குப் பயம் இன்னும் கூடிப்போயிற்று.

டாக்டர் ரஞ்சிதா தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். ஸ்கேன் படத்தைப் பார்த்தாள், பாவாயியைப் பார்த்தாள்.

“உங்களுக்கு நின்னு எவ்வளவு நாளாச்சும்மா?”

“ஆச்சுங்க.”

“ஆச்சுன்னா?”

“அது இருக்கும்ங்க மூணு வருசம்.”

கவிதா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். “அத்த, போன மாசங்கூடக் குடிசைல மூணு நாள் இருந்துட்டு வந்தீங்க.”

“இருந்தேன் கண்ணு.”

“எதுக்கு?”

“இருக்கத்தான்.”

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சீட்டில் எதையோ எழுதினாள். கவிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “கேன்சரா இருக்குமோன்னு நான் தூங்காமக் கெடந்தேன் அத்த,” என்று சொல்லி, அங்கேயே அழுதுவிட்டாள். பாவாயிக்கு அப்போதுதான் மனசு சுருக்கென்றது.

ஒதுக்குக் குடிசை என்பது ஊருக்கு மேற்கே, ஓடையைத் தாண்டி, தகரம் போட்ட ஒற்றை மண்சுவர் அறை. மாதவிலக்கானவர்களும் பிள்ளை பெற்றவர்களும் அங்கேதான் இருக்க வேண்டும் என்பது இந்த ஊர்க்கட்டு. சோறு கொண்டுபோகிறவர்கள் வழியிலிருக்கும் பாறைமேல் வைத்து, தட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். உள்ளே இருப்பவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் கூப்பிட்டவனுக்கும் தீட்டு.

வயதுக்கு வந்த புதிதில் பாவாயி அந்தக் குடிசையை வெறுத்த மாதிரி யாரும் வெறுத்திருக்க மாட்டார்கள். மழை பெய்தால் தரை ஊறும். பூரான் வரும். அவளுடைய கொழுந்தன் பெண்டாட்டி பொன்னாயி பிள்ளை பெற்று ஐப்பசி மழையில் அங்கே கிடந்து, காய்ச்சல் கண்டு, செம்மேட்டுக்குத் தூக்கிப்போவதற்குள் போய்ச்சேர்ந்தாள். நாசமாய்ப் போகிற கட்டு என்று பாவாயி அப்போதே மனசுக்குள் சபித்தாள். வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு வயதும் போதவில்லை, தைரியமும் போதவில்லை.

ஆனால் பாருங்கள், அதே குடிசையில்தான் அவள் பொன்னாயிக்காக அழுதாள். வீட்டில் அழ எங்கே நேரம்? கண்ணில் தண்ணீர் தளும்பும்போதே யாராவது “பாவாயி, வெளக்கமாத்த எங்க வெச்ச?” என்பார்கள். வைத்தது வைத்த இடத்தில்தான் இருக்கும். இருந்தாலும் அவள் வந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். குடிசையில் மூன்று நாளும் அவள் பேர் அவளுக்கே மறந்துபோகும். கேழ்வரகுக் களியை ஒரு உருண்டை தின்றுவிட்டு, அடுப்புத் தணலில் ஒரு மரவள்ளிக் குச்சிக்கிழங்கைச் சுட்டுக்கொண்டு, எதிர்மலையில் பனிமூட்டமாய் மஞ்சு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருப்பாள். முதல் நாள் வீட்டு நினைப்பாகவே ஓடும். இரண்டாம் நாள் அது தேய்ந்து, தன் நினைப்பு மெல்ல எட்டிப் பார்க்கும். மூன்றாம் நாள்தான் ஆளுக்குத் தெளிவு வரும். மிளகுச் சரிவைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று புருஷன் அருணாசலம் தலைகீழாக நின்றபோது, வேண்டாம் என்று அவள் முடிவெடுத்தது அங்கேதான். மகன் மணிவண்ணன் கீழ்நாட்டுப் பெண்ணைக் கட்டுவேன் என்றபோது, கட்டட்டுமே, என்ன கெட்டுப்போச்சு என்று அவளுக்குப் பட்டதும் அங்கேதான்.

அந்தக் கீழ்நாட்டுப் பெண் கவிதா வந்த வருஷமே, “நான் போகமாட்டேன்” என்று சொல்லிவிட்டாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாகப் போவதை நிறுத்திக்கொண்டார்கள். பாவாயிக்கு அதில் உள்ளூர சந்தோஷம். கடைசியில் குடிசைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான். அந்த நேரம் பார்த்து அவளுக்கு மாதவிலக்கும் நின்றுபோயிற்று. ஒரு மாதம் போகவில்லை. இரண்டாம் மாதமும் வீட்டிலேயே இருந்தாள். மூன்றாம் மாதம், சோறு வடிக்கும்போது, கொல்லையிலிருந்து ஒருத்தரும் வாசலிலிருந்து ஒருத்தருமாக அவளைக் கூப்பிட்டார்கள். பானையைச் சாய்த்தபடி விட்டுவிட்டு, “நான் வெளிய” என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவுதான். பொய் சொல்ல இவ்வளவு சுலபமா என்று ஓடையைத் தாண்டும்போது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

செம்மேட்டிலிருந்து திரும்பும்போது மணிவண்ணனின் லோடு ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கவிதா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள்.

“நீங்க பண்ணுனது எனக்கு எப்படி வந்து முடிஞ்சுது தெரியுமாங்க அத்த? குடிசை வேண்டாம், அது பொம்பளைக்கு நல்லதில்லைனு ஊடு ஊடாப் போயிச் சொன்னேன். என்ன சொன்னாங்க? உன்ற மாமியாளே போறாளே, மொதல்ல அவளத் திருத்துன்னாங்க. மூணு வருசம் எனக்கு அந்தப் பேச்சு.”

“அது எனக்குத் தெரியாது சாமி.”

“தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருப்பீங்களா?”

பாவாயி யோசித்தாள். வண்டி ஒரு வளைவில் திரும்பி, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஏறியது. பொய் சொல்லிப் பொய் சொல்லி அவளுக்கு அலுத்திருந்தது.

“நிறுத்தியிருக்க மாட்டேன்,” என்றாள்.

மணிவண்ணன் கியரை மாற்றிக்கொண்டே, “ரெண்டு பேரும் ஊட்டுல போயிப் பேசிக்குங்க, நான் வண்டி ஓட்டோணும்,” என்றான்.

வீட்டில் அருணாசலம் மிளகுச் சரங்களைச் சாக்கில் கொட்டி மிதித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் காலை அப்படியே நிறுத்திவிட்டான்.

“மூணு வருசம். மாசாமாசம் மூணு நாளு நாங் களி கிண்டியிருக்கேன் புள்ள. கட்டி கட்டியாத் தின்னுருக்கேன். நீ அங்க சும்மா குந்திக்கிட்டு இருந்திருக்கற.”

“ஆமாங்க.”

“ஆமாங்கறா பாரு. இந்த ஊட்டுல உனக்கு என்ன கொற வெச்சேன்?”

“கொறன்னு நாஞ் சொன்னனா?”

“பொறவு எதுக்கு ஓடுன? என்ற மூஞ்சி புடிக்கலியா?”

“உங்க மூஞ்சிக்கு என்னங்க, நல்லாத்தான் இருக்குது. பொழுதுக்கும் பாத்துக்கிட்டேதான இருக்கறேன்.” பாவாயி சாக்கின் மறுமுனையில் உட்கார்ந்து, காம்புகளைப் பொறுக்கித் தள்ள ஆரம்பித்தாள். கை வேலை செய்தால்தான் அவளுக்கு வாய் வரும். “ஏனுங்க, வெடியால எந்திரிச்சதும் நீங்க காப்பிச் செடிக்குள்ள போயி, பாறைமேல குந்தி ஒரு பீடிய இழுக்கறீங்க. வெயிலு ஏறித்தான் எறங்கி வாறீங்க. எதுக்குன்னு ஒருத்தராச்சும் கேட்டாங்களா?”

“அது சித்த நேரம்.”

“நெதமும் சித்த நேரம். எனக்கு மாசத்துக்கு மொத்தமா வேணும்.”

“பாறைமேல நான் சும்மாவா குந்தியிருக்கறேன்? தோட்டத்தப் பத்தி யோசன பண்றேன்.”

“நானும் யோசனதான் பண்றேன்.”

“பொம்பளைக்கு என்ன யோசன?”

கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று அவனுக்குப் பட்டது. வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருந்த கவிதாவும் திரும்பிப் பார்த்தாள். பாவாயி முறத்தை எடுத்து மிளகைப் புடைத்தாள். தூசி முழுக்க அருணாசலத்தின் பக்கமே போனது.

இரண்டு நாளில் விஷயம் ஊர்க்கவுண்டர் காதுக்குப் போயிற்று. கோயில் முன்னால் ஆட்கள் கூடினார்கள். பாவாயியை வரச்சொன்னார்கள். மிளகுக்கொடி படர்ந்த மரத்திலிருந்து இறங்கிய கையோடு, முந்தானையை இடுப்பில் செருகியபடியே போய் நின்றாள்.

ஊர்க்கவுண்டர் நல்ல மனுஷர்தான். கட்டு என்று வந்துவிட்டால் மட்டும் கொஞ்சம் விறைப்பு.

“பாவாயி, ஊரை ஏமாத்திப்புட்ட.”

“ஆமாங்க மாமா.”

“குத்தமுன்னு ஒத்துக்கறயா?”

“என்ன குத்தம்னு நீங்க சொல்லுங்க, ஒத்துக்கறேன்.”

கவுண்டர் தொண்டையைச் செருமினார். “தீட்டோட ஊட்டுக்குள்ள இருந்தா அது குத்தம். அதுக்கு அபராதம் இருக்குது. தீட்டோட கோயலுக்கு வந்தா அதுக்கும் இருக்குது. தீட்டு இல்லாம…” அங்கே அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அவர் இன்னொருத்தரைப் பார்த்தார்.

“தீட்டில்லாம வெளிய இருந்தா?” என்று பாவாயி எடுத்துக் கொடுத்தாள்.

“அப்படி எவளும் இருந்ததில்லையே,” என்றார் ஒருவர்.

“இருந்தா என்னங்க மாமா? சொல்லுங்க.”

பெண் எப்போது வெளியே போக வேண்டும் என்பதற்கு இருந்த கட்டெல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். அவளாகப் போனால் என்ன செய்வது என்று எந்தப் பெரியவரும் யோசித்து வைத்துவிட்டுப் போகவில்லை. செத்துப்போன அந்தப் பெரியவர்கள்மீது எல்லோருக்கும் லேசாகக் கோபமே வந்தது.

கூட்டத்தின் ஓரத்திலிருந்து கவிதா பேசினாள். “ஏனுங்க, குத்தத்த உடுங்க. அந்தக் குடிசைக்கு இப்ப யாருமே போறதில்லீங்க. எங்க அத்த போனதும் பொய்யின்னு ஆயிப்போச்சு. பிரிச்சுப்போட்டுருங்க.”

தப்பிக்க வழி கிடைத்த நிம்மதியில் கவுண்டர் உடனே தலையாட்டினார். தகரத்தைக் களத்துக் கொட்டகைக்குப் போட்டுக்கொள்ளலாம், தை முடிவதற்குள் பிரித்துவிடலாம் என்று முடிவாயிற்று. எல்லோரும் பாவாயி முகத்தைப் பார்த்தார்கள். அவள் திரும்பி மிளகு மரத்துக்கு நடந்தாள். ஏணியில் ஏறி, சரம் சரமாகப் பறித்து மடியில் போட்டாள். பொழுதிறங்கும்வரை ஒருத்தரோடும் பேசவில்லை. இனி அந்த மூன்று நாள் இல்லை. அதுதான் அவளை வாட்டியது. குடிசை போனதில் துக்கமில்லை. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே சாகும்வரை இப்படியே கூப்பிட்ட குரலுக்கு ஓடிக்கொண்டிருக்க வேண்டுமே என்பதுதான்.

அருணாசலத்துக்கு அவள் பேசாமலிருப்பது தாங்கவில்லை. திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். இது என்ன இழவு என்று இரண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, அவனாகவே ஒரு வழி சொன்னான்.

“உள்ரூம்பு இருக்குதல்ல. சாக்கெல்லாம் எடுத்து அக்கட்டால போட்டுடறேன். மூணு நாளு அதுக்குள்ள இரு. யாரும் வரமாட்டம். சோத்த வாசப்படில வெக்கறோம். போதுமா?”

மனுஷன் மனசாரத்தான் சொன்னான். பாவாயிக்கும் அது பிடித்திருந்தது. மறுநாள் விடியலில் பாயும் போர்வையுமாக உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

சாத்திய சூடு ஆறுவதற்குள் வெளியே காலடிச் சத்தம்.

“பாவாயி, உள்ள வரலீங்கறேன். காப்பித்தூளு எதுல இருக்குது, அத மட்டும் சொல்லிரு.”

சொன்னாள். கொஞ்ச நேரத்தில் மணிவண்ணன். “யம்மா, என்ற நீலச் சட்டய ஓடைல தொவச்சயா, இல்ல ஊட்டுலயா?” சொன்னாள். கவிதா மட்டும் கூப்பிடவில்லை. ஆனால் அவள் அடுக்களையில் உப்புக்காகப் பாத்திரம் பாத்திரமாகத் திறந்து மூடுகிற சத்தம் கூப்பிடுவதைவிட மோசமாக இருந்தது. பாவாயி உள்ளிருந்தே, “அரிசிக் குண்டாவுக்குப் பின்னால,” என்றாள். உச்சிவேளையில் பக்கத்து வீட்டு பானுமதி வந்து, பாவாயிக்கு உடம்புக்கு என்ன என்று அருணாசலத்தை நோண்டினாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அவன் விளக்க ஆரம்பித்தான். அவன் விளக்க விளக்க அவளுக்குச் சந்தேகம் வளர்ந்தது. கடைசியில், “பாவாயி, நீயே வெளிய வந்து ஒரு வார்த்த சொல்லிரு,” என்றான்.

பாவாயி வெளியே வந்தாள்.

“போதுங்க,” என்றாள் புருஷனிடம். கோபமாகச் சொல்லவில்லை. அவனும் தலையைக் குனிந்துகொண்டான்.

அடுத்த சந்தையன்று செம்மேட்டுக்குப் போய், இரும்புக் கடையில் அவள் ஒரு சாமான் வாங்கினாள். என்ன சாமான் என்று கேட்டவர்களுக்கெல்லாம், “ஊட்டுக்கு இல்ல,” என்று மட்டும் சொன்னாள்.

குடிசையைப் பிரித்த காலையில் மஞ்சு கனமாக இறங்கியிருந்தது. பத்தடி தள்ளி நிற்கிற ஆள் தெரியவில்லை. கடப்பாரையோடு ஆண்கள் ஓடையைத் தாண்டிக் கிட்டே போனபோதுதான், குடிசை முன்னால் யாரோ நிற்பது தெரிந்தது. பாவாயி. கையில் மண்வெட்டி.

“வம்பு பண்ணாத பாவாயி,” என்று கவுண்டர் நின்ற இடத்திலிருந்தே சொன்னார். “ஊர் முடிவு.”

“நான் எங்கிங்க வம்பு பண்றேன்? முந்திக்கிட்டு வந்தேன்.” மண்வெட்டியை ஓங்கி, சுவரின் அடியில் ஒரு போடு போட்டாள். மண் பெயர்ந்து விழுந்தது. “இது இடிய வேண்டியதுதானுங்க. எங்க பொன்னாயி இந்த மூலைலதான் கெடந்தா. பச்சப்புள்ளையோட நடுங்கிக்கிட்டுக் கெடந்தா. அன்னைக்கே இடிச்சிருக்கோணும். உங்க யாருக்கும் தோணல. எனக்குத் தோணுச்சு, நான் வாயத் தொறக்கல.”

ஆண்களுக்குப் பின்னால் வந்திருந்த கவிதா முன்னே வந்து, மண்கட்டியையும் கல்லையும் பொறுக்கி ஒதுக்க ஆரம்பித்தாள். சுவர் சாய்ந்த பிறகு, நிலையிலிருந்து கழற்றிப்போட்ட பலாமரக் கதவைப் பாவாயி தூக்கி நிறுத்திப் பார்த்தாள். ஆடு நுழையாமலிருக்க வெளிப்பக்கம் ஒரு கொண்டி இருந்தது. உள்பக்கம் ஒன்றும் கிடையாது. இத்தனை வருஷமும் உள்ளே இருந்தவளுக்கு என்று அதில் ஒரு ஆணிகூட அடித்ததில்லை.

“இந்தக் கதவ எனக்குக் குடுத்துருங்க மாமா.”

“தீட்டுக் கதவ எவன் எடுக்கப்போறான், நீயே எடுத்துக்க. என்ன பண்ணப்போற?”

பாவாயி கதவைத் தலையில் ஏற்றினாள். அருணாசலம் கை கொடுக்க வந்தான், வேண்டாம் என்றாள். சரிவில் ஏறினாள். மேலே அவர்களுடைய சாமைக் கொல்லை. அறுப்பு முடிந்து தாள் மட்டும் நின்றது. பயிர் இருக்கும்போது காட்டுப்பன்றி விரட்ட ஆண்கள் தங்குகிற காவல் குடிசை அதன் உச்சியில் இருந்தது. இப்போது அங்கே காப்பதற்கு ஒரு கதிரும் கிடையாது. அடுத்த விதைப்புவரை அந்தப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள்.

கூட்டம் பின்னாலேயே ஏறிவந்தது. வேடிக்கை என்றால் மூட்டுவலி யாருக்கும் ஞாபகம் வராது. பாவாயி கதவைக் குடிசை வாசலில் சாய்த்து நிறுத்தி, வெளிப்பக்கக் கொண்டியைக் கல்லால் அடித்துப் பெயர்த்து எறிந்தாள். முந்தானை முடிச்சிலிருந்து சந்தையில் வாங்கிய சாமானை எடுத்தாள். புதுத் தாழ்ப்பாள். அதை உள்பக்கம் வைத்து ஆணி அடித்தாள். சுத்தியலை மட்டும் மணிவண்ணன் கொடுத்தான். கேட்காமலே வண்டியிலிருந்து எடுத்து வந்திருந்தான்.

“தீட்டா?” என்று கேட்டார் கவுண்டர், விடாமல்.

“இல்லீங்க.”

“காவலா? காட்டுல ஒண்ணுமில்லயே.”

“இல்லீங்க.”

“புருசனோட சண்டையா?”

“அவரு நல்லவருங்க. கட்டி இல்லாமக் களி கிண்டக்கூடப் பழகிட்டாரு.”

“பொறவு யாராச்சும் கேட்டா என்ன சொல்றது?”

“பாவாயி மேல சும்மா இருக்கறான்னு சொல்லுங்க. மூணு நாளு. மாசாமாசம். இனிமே பொய் சொல்ல மாட்டேன், சொல்லிட்டே வருவேன். போதுங்களா?”

போதுமா போதாதா என்று கவுண்டருக்குத் தெரியவில்லை. இதற்கும் கட்டு இல்லை. குளிருகிறது என்று சொல்லிவிட்டு இறங்கினார். ஒவ்வொருத்தராக இறங்கினார்கள். அருணாசலம் கொஞ்சம் தயங்கி நின்று, தீப்பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

கவிதா மட்டும் போகவில்லை. கைகளில் குடிசை மண் அப்பியிருந்தது. நாள் முழுக்க நாலு ஊர் நடந்து அடுத்தவர் வீட்டு வலியைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து அடுக்களையில் நிற்கிறவள். பாவாயிக்கு அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

“அத்த, நானும் சித்த நேரம் உள்ள வந்து இருக்கட்டுங்களா?”

“வராத கண்ணு.”

கவிதாவின் முகம் வாடியது.

“நீ வந்தா நான் உன்கூடப் பேசுவேன். பசிக்குதான்னு கேப்பேன். உனக்குக் கெழங்கு சுட்டுக் குடுப்பேன். அப்பறம் இது ஒரு ஊடுதான?” பாவாயி அவள் கையிலிருந்த மண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். “மூணு நாளுல நான் எறங்கிருவேன். அப்பறம் நீ ஏறு. நான் களி கிண்டறேன். உன்ன யாரு எதுக்குக் கூப்புட்டாலும் நான் போயிச் சொல்லிக்கறேன்.”

“ஊர்ல என்ன சொல்லுவாங்க?”

“என்னச் சொல்லிச் சொல்லி அலுத்திருக்கும். உனக்கு வாரப்ப ஒண்ணும் மிச்சமிருக்காது, போ.”

கவிதா இறங்கினாள். பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தாள். மஞ்சில் குடிசை மறைந்துகொண்டிருந்தது. கீழே வீட்டுப் பக்கமிருந்து அருணாசலத்தின் குரல், பழக்கதோஷத்தில், “பாவாயி” என்று ஆரம்பித்து, பாதியில் நின்றது.

மேலே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.